பீலித் தண்ணீரில் நான்கு பேத்தைகள்

கீழ்ப்பிரிவு, கரவனெல்ல
03.02.2025

தங்கச்சி பஞ்சவர்ணத்துக்கு,

சுகம் விசாரிப்பதற்கு முன்னால் குற்றத்தை எழுதிவிடுகிறேன். சென்ற மாதம் நான் நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தேன். அந்த நேரம் பார்த்து நீ நீர்கொழும்பிலிருந்து வந்து, பக்கத்து வீட்டு வேலுசாமியிடம் சாவி வாங்கி, என் வீட்டைத் திறந்து, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் மீன் தொட்டிக்குள் நான்கு பேத்தை மீன்களை விட்டுவிட்டுப் போனாய். அவை என் கப்பி மீன்கள் அறுபதையும் தின்றுவிட்டன. ஏஞ்சல் மீன் இரண்டும் செட்டை இல்லாமல் ஒரு மூலையில் சாய்ந்து கிடந்தன. நான் வீட்டுக்கு வந்த மறுநாள் அவையும் போய்விட்டன.

தெரியாமல் நடந்தது என்று எழுதாதே. களப்புக் கரையில் இருபத்தெட்டு வருடமாகக் குடியிருக்கிறவளுக்குப் பேத்தையின் பல் தெரியாதா?

அந்தக் கப்பிகளை நான் அழகுக்கு வளர்க்கவில்லை. இந்தத் தோட்ட டிவிசனில் உள்ள தண்ணீர்த் தொட்டி, பீப்பாய் எல்லாவற்றுக்கும் நான்தான் குஞ்சு கொடுத்தேன். அவை கொசுப் புழுவைத் தின்னும். மூன்று வருடமாக எங்கள் லயங்களில் ஒருவருக்கும் டெங்கு இல்லை. சுகாதாரப் பரிசோதகரே வந்து பார்த்துவிட்டு "நியமயி" என்று சிங்களத்தில் பாராட்டிவிட்டுப் போனார். அந்த வம்சத்தை நீ அழித்தாய்.

வேலுசாமியைப் பிடித்துக் கேட்டேன். "ஏன்டா சாவியக் குடுத்த?"

"தங்கச்சி கேட்டுச்சு, குடுத்தேன். அன்னைக்கு அதுகிட்ட எப்படி மாட்டேங்கிறது?"

"ஏன், அவ என்ன துரைசாணியா?"

"சுஜீதாவோட மீனாம்ணே, வச்சிக்கங்க" என்றான். சுஜீதாவின் மீன் என்றால் உன் மகளே வந்து எடுத்துக்கொண்டு போகட்டும்.

நீ ஆஸ்பத்திரிக்கும் வந்தாயாம். வார்டு வாசலில் நின்று பார்த்துவிட்டுப் பேசாமல் போனாயாம். வார்டு நர்ஸ் மிஸ்ஸி சொன்னாள். அதுவும் கணக்கில் இருக்கிறது.

டாக்டர் மேடு ஏறக் கூடாது என்கிறார். போன் சிக்னல், காலையில் வேலைக்குப் பேர் பதியும் மஸ்டர் மேட்டில்தான் வருகிறது. ஆகவே கடிதம். உன் வீட்டில் எல்லோரும் சுகம்தானே?

இப்படிக்கு,
கோபம் தீராத அண்ணன்
இருளப்பன்


நீர்கொழும்பு
14.02.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் எழுந்து உட்கார்ந்து இவ்வளவு எழுதியிருப்பதைப் பார்த்து ஆறுதலாக இருந்தது. நாங்கள் இங்கே இருக்கிறோம்.

தப்பு என்னுடையதுதான். பஸ்ஸில் வரும்போதே பைக்குள் மீன்கள் மயங்கிவிட்டன. கண்ணில் பட்ட தண்ணீரில் விட்டேன். கப்பிகளைக் கவனிக்கவில்லை. அன்றைக்கு எதையும் கவனிக்கவில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். இந்தப் பேத்தை குஞ்சில் நல்ல தண்ணீரில் இருக்கும். வளர வளர அதற்கு உப்பு வேண்டும். கடலளவு வேண்டாம், கடலும் ஆறும் கலக்கும் களப்பு அளவு போதும். நல்ல தண்ணீரிலேயே விட்டால் உடனே சாகாது. நாலைந்து மாதம் நன்றாக இருப்பது போலக் காட்டிவிட்டுச் சாகும். வயிறு கறுத்தால் அதுதான் அடையாளம்.

அண்ணே, கோபத்தை என் மேல் வையுங்கள். அவற்றைச் சாக விடாதீர்கள்.

மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள்.

தங்கச்சி
பஞ்சவர்ணம்


கீழ்ப்பிரிவு, கரவனெல்ல
20.02.2025

தங்கச்சிக்கு,

நான் சுகம். நீ "இருக்கிறோம்" என்று எழுதியிருக்கிறாய். சுகம் என்று எழுத என்ன கேடு? மன்னிப்புக் கேட்கும்போதாவது முறையாக எழுதப் பழகு.

இரண்டு மீனுக்கு வயிறு கறுத்துவிட்டது. நீ சொல்லித்தான் பார்த்தேன் என்று நினைக்காதே. எனக்குக் கண் இருக்கிறது. பேத்தை அழகான மீன்தான். பச்சை முதுகு, கறுப்புப் பொட்டு, மஞ்சள் வயிறு. முகம்தான் எலி. நான் கண்ணாடிக்குப் பக்கத்தில் போனால் நான்கும் வந்து வரிசையாக நின்று என்னையே பார்க்கின்றன. அறுபது உயிரைத் தின்ற வெட்கம் ஒன்றுக்கும் இல்லை.

என் தொட்டி நல்ல தண்ணீர்த் தொட்டி. கண்ணாடி வெட்டி, பசை பூசி, நானே ஒட்டியது. மலையிலிருந்து குழாயில் வரும் பீலித் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் அதில் பட்டதில்லை. உப்புப் போட்டால் செடிகள் அழுகும், வடிகட்டிப் பஞ்சில் பிடித்திருக்கும் நல்ல கிருமிகள் சாகும், பிறகு தண்ணீர் நாறும். இதெல்லாம் நானே புத்தகம் வாங்கிப் படித்துத் தெரிந்துகொண்டவை. எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

சுஜீதா மீன் ஏற்றுமதிப் பண்ணையில்தானே வேலை செய்கிறாள்? மீனைப் பொதி கட்டத் தெரிந்தவளுக்கு நான்கு பேத்தையை எடுத்துப் போக முடியாதா? சித்திரை வருடப் பிறப்புக்குள் அவள் வர வேண்டும். உன் வீட்டுக்காரர் வர வேண்டாம். உன்னைக் கட்டிக்கொள்ளும்போது என் வாசலில் வந்து கேட்காதவர் மீனுக்காக வர வேண்டியதில்லை.

அதுவரைக்கும் எந்த உப்பு, எவ்வளவு என்று எழுது. கொலைகாரன் என்ற பேர் எனக்கு வேண்டாம்.

இருளப்பன்


நீர்கொழும்பு
18.03.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் எழுதப் பிந்திவிட்டது. நெஞ்சுவலி திரும்ப வரவில்லையே?

சுஜீதாவின் மீன் கொப்பியைப் பார்த்து எழுதுகிறேன். மீன் கடையில் விற்கும் கடல் உப்புப் பொதிதான் போட வேண்டும். கிடைக்காவிட்டால் அயடின் சேராத கல் உப்பு கொஞ்ச நாளைக்குத் தாங்கும். நூறு லீட்டர் தண்ணீருக்கு வாரத்துக்கு இருநூறு கிராம், அதுவும் வேறு வாளியில் கரைத்து, தண்ணீர் மாற்றும்போது. நான்கு வாரம் அப்படிச் செய்துவிட்டு நிறுத்திப் பார்க்க வேண்டும். அவசரம் கூடாது. "மெதுவா, மெதுவா" என்று இரண்டு தடவை எழுதிக் கோடு போட்டிருக்கிறாள்.

செடிகளை முன்னாலேயே எடுத்துவிடுங்கள். பல் வளர்ந்துகொண்டே இருக்கும் மீன் இது. கடித்து உடைக்க நத்தை கொடுக்காவிட்டால் வாய் மூடாமல் பட்டினி கிடக்கும்.

வருடப் பிறப்புக்கு அவளால் வர முடியாது.

பஞ்சவர்ணம்


கீழ்ப்பிரிவு, கரவனெல்ல
02.04.2025

தங்கச்சிக்கு,

நான் சுகம். உங்கள் வீட்டில் யார் யார் சுகம் என்று இந்த முறையாவது பேர் சொல்லி எழுது.

செடிகளைப் பிடுங்கினேன். ஆறு வருடமாக வளர்ந்த புல். எருக்குழியில் போட்டேன். வயல் வாய்க்காலில் நத்தை பொறுக்குகிறேன். வேலுசாமியையும் அனுப்பினேன். முன்பெல்லாம் "உங்களுக்கு வேற வேல இல்லையாண்ணே" என்று சிரிப்பான். இப்போது சொன்ன வேலையைச் செய்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போய்விடுகிறான்.

நத்தையைக் கடிக்கும் சத்தம் அறையில் உட்கார்ந்திருக்கும்போது கேட்கிறது. நால்வரில் பெரியவன் ஒருவன் இருக்கிறான். மற்றவை தின்னும்போது கிட்டப் போகமாட்டான். நான் கண்ணாடியைத் தட்டினால் பந்து மாதிரி ஊதிக்கொள்வான்.

உப்பை உன் கணக்குப்படி கிராமில் அளக்கப் போவதில்லை. முப்பத்துநான்கு வருடம் ரப்பர் ஸ்டோரில் பால் அளந்தவன் நான். ஓய்வு பெறும்போது கொடுத்த மெட்ரோலாக் குச்சி வீட்டில் இருக்கிறது. பாலில் மிதக்கவிட்டு எவ்வளவு தடிப்பு என்று பார்க்கிற குச்சி. பால் தடிப்பாக இருந்தால் குச்சி கீழே இறங்கும். தண்ணீர் கலந்த பாலைக் கொண்டுவந்து என்னை ஏமாற்றியவன் இந்தத் தோட்டத்தில் கிடையாது. பாலை அளந்த கைக்கு உப்பை அளக்கத் தெரியாதா?

ஹிஷாம் கடையில் கல் உப்பு ஐந்து கிலோ வாங்கினேன். "என்ன இருளப்பண்ணே, கருவாடு போடப் போறீங்களா?" என்று கேட்டார். "ஆமா, தங்கச்சியோட புத்திய ஊற வைக்கப் போறேன்" என்றேன். கடையே சிரித்தது. ஹிஷாமின் லொறி கருவாட்டுக்கு நீர்கொழும்பு வருகிறது. வருடப் பிறப்புக்கு வர முடியாது என்றால் அந்த லொறியில் சுஜீதா ஒரு பதிலாவது எழுதிக் கொடுக்கட்டும். அவளுக்குக் கை இல்லையா?

இருளப்பன்


கீழ்ப்பிரிவு, கரவனெல்ல
21.04.2025

தங்கச்சிக்கு,

உன் பதில் வரவில்லை. புதுவருடம் போய்விட்டது. நான் யாருக்கும் கைவிசேஷக் காசு கொடுக்கவில்லை.

ஒரு பேத்தை செத்துவிட்டது. நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். உப்பைக் கரைத்து ஊற்றிவிட்டுக் குச்சியை மிதக்கவிட்டேன். அது இறங்கவில்லை. இருந்ததை விட மேலே எழும்பியது. உப்புப் போதவில்லை என்று இன்னும் போட்டேன். இன்னும் எழும்பியது. இரண்டு நாளில் ஐந்து கிலோவும் முடிந்தது. மூன்றாம் நாள் தண்ணீர் பால் மாதிரி வெளுத்து நாறியது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடின. பீலியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து மாற்றினேன். டாக்டர் தூக்கக் கூடாது என்ற வாளி. சின்னவன் மத்தியானத்தோடு நின்றுவிட்டான்.

குச்சி எழும்பும் என்று நீ முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். கொப்பி உன் கையில் இருக்கிறது. எழுதாதது உன் குற்றம்.

ரப்பர் மரத்தடியில் புதைத்திருக்கிறேன். சுஜீதாவிடம் சொல். அவள் திட்டினால் திட்டட்டும். கேட்டுக்கொள்கிறேன்.

இருளப்பன்


நீர்கொழும்பு
25.05.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வாளி தூக்காதீர்கள். தயவுசெய்து தூக்காதீர்கள். வேலுசாமி அண்ணனைத் தூக்கச் சொல்லுங்கள்.

உப்புத் தண்ணீர் கனம் கூடியது. அதனால் எதையும் மேலே தள்ளும். பாலில் ரப்பர் கூடினால் கனம் குறையும், குச்சி இறங்கும். இதில் எல்லாம் நேர்மாறு. கருவாட்டுக்கு உப்புக் கரைக்கும்போது முட்டையைப் போட்டு, மிதந்தால் சரி என்பார்கள். அதைப் பார்த்தே பழகியதால், இதையும் எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. என் பிழைதான்.

இங்கேயும் கடைகளில் உப்புக்குத் தட்டுப்பாடு. பண்ணையில் சுஜீதாவோடு வேலை செய்த ஹிமாயா கடல் உப்பு இரண்டு பொதி கொண்டுவந்து கொடுத்தாள். அதையும் ஒரு பை சிப்பி ஓட்டையும் உப்பு அளக்கும் சின்னக் கண்ணாடி மிதவையையும் ஹிஷாமின் லொறியில் அனுப்புகிறேன். சிப்பியைக் கழுவி அடியில் போடுங்கள். பீலித் தண்ணீர் புளிப்புத் தன்மை உள்ளது என்று சுஜீதா எழுதியிருக்கிறாள். சிப்பி அதைச் சரிக்கட்டும்.

கொப்பியையும் அனுப்புகிறேன். பார்த்துப் பார்த்து எழுத எனக்கு முடியவில்லை, அண்ணே. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

பஞ்சவர்ணம்


கீழ்ப்பிரிவு, கரவனெல்ல
08.06.2025

தங்கச்சிக்கு,

நான் சுகம். மூன்றும் சுகம். மிதவை சரியாக நிற்கிறது. பத்து நாளாக உப்பை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. வயிறு திரும்ப மஞ்சளாகிவிட்டது.

கொப்பியை முழுவதும் படித்தேன். பாதி சிங்களத்தில், பாதி தமிழில். கையெழுத்து கோழி கிளறினது போல இருந்தாலும் பிள்ளைக்கு மூளை இருக்கிறது. தேதி போட்டு, தின்றது, தின்னாதது, வயிற்றின் நிறம் எல்லாம் எழுதியிருக்கிறாள். பண்ணையில் மெலிந்துபோய்க் கழித்துவிட்ட மீன்கள் என்று முதல் பக்கத்தில் இருக்கிறது. வீட்டுக் கிணற்றில் புழு என்று ஓர் இடத்தில் இருக்கிறது. நான்கு மீனுக்கும் பேர் வைத்திருக்கிறாள். ஊதிக்கொள்ளும் பெரியவனின் பேர் "கரவனெல்ல மாமா". டிசம்பர் நான்காம் தேதி இப்படி எழுதியிருக்கிறாள்: "மாமாவுக்கு இன்னைக்கும் கோவம். நத்தை வச்சேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. நான் அந்தப் பக்கம் போனதும் தின்னுட்டாரு."

எனக்குக் கோபம் வரவில்லை. வர வேண்டும், வரவில்லை.

இப்போது ஒன்று கேட்கிறேன். ஒரு நாள் தவறாமல் எழுதிய கொப்பி ஜனவரி பதினோராம் தேதியோடு நிற்கிறது. அன்றைக்கு "காய்ச்சல் மாதிரி இருக்கு, நாளைக்குத் தண்ணி மாத்தணும்" என்று இருக்கிறது. மிச்சம் நாற்பது பக்கம் வெறும் தாள். நீ மீனைக் கொண்டுவந்தது இருபத்தோராம் தேதி. ஹிமாயா "சுஜீதாவோடு வேலை செய்த" பெண் என்று எழுதுகிறாய். செய்கிற பெண் என்று எழுதவில்லை.

பதில் எழுது.

இருளப்பன்


கீழ்ப்பிரிவு, கரவனெல்ல
20.07.2025

பஞ்சவர்ணம்,

சுகமா என்று கேட்கவில்லை. ஆறு வாரம் ஆகிவிட்டது.

வேலுசாமிக்கு நிச்சயம் தெரியும். நேற்று அவன் வீட்டு வாசலில் போய் நின்றேன். "என்கிட்ட கேக்காதீங்கண்ணே, தங்கச்சிகிட்ட சத்தியம் பண்ணிட்டேன்" என்று உள்ளே போய்விட்டான். நான் மஸ்டர் மேட்டில் ஏறிப் போன் எடுக்கலாம். லொறிக்காரனை விசாரித்துவரச் சொல்லலாம். செய்ய மாட்டேன். அடுத்தவன் வாயால் எனக்கு வேண்டாம். என் கூடப் பிறந்தவள் கையால் எழுதி வர வேண்டும்.

மீன்கள் மூன்றும் இருக்கின்றன.

இருளப்பன்


நீர்கொழும்பு
17.08.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள். மாத்திரையைப் போட்டுவிட்டுப் படியுங்கள்.

சுஜீதா இல்லை. ஜனவரி பதினேழாம் தேதி வெள்ளிக்கிழமை காலையில் போய்விட்டாள். டெங்கு. பன்னிரண்டாம் தேதி காய்ச்சல் என்று படுத்தாள். ஐந்து நாள்தான். அவளுக்கு இருபத்துநாலு வயது, உங்களுக்குத் தெரியும்.

அன்றைக்கே வேலுசாமி அண்ணனுக்குப் போன் எடுத்தோம். நீங்கள் வயர் மாட்டிக் கிடக்கிறீர்கள், அதிர்ச்சி கூடாது என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னார். தாய்மாமன் கோடி இல்லாமல் என் பிள்ளையை எடுத்தார்கள். அவள் அப்பா பெட்டியை மூட விடாமல் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தார். யாருக்காக என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நாலாம் நாள் உங்களுக்குச் சொல்லத்தான் வந்தேன். வார்டு வாசலில் நின்று பார்த்தேன். கழுத்தெலும்பு தெரிய நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். சொல்ல முடியவில்லை. கையில் மீன் பை இருந்தது. அவள் ஆஸ்பத்திரியில் சொன்னாள்: "அம்மா, என் பேத்தைங்கள மாமாகிட்ட குடுத்துருங்க. அவரு கோவத்துலயே அதுகள வாழ வச்சிருவாரு." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

முதலில் உங்கள் நெஞ்சுக்குப் பயந்து சொல்லவில்லை. பிறகு அது காரணம் இல்லை, அண்ணே. இங்கே எல்லோரும் அவளைப் பற்றி மெதுவாகப் பேசுகிறார்கள், பாவம் என்கிறார்கள். நீங்கள் ஒருவர்தான் அவளைத் திட்டி எழுதினீர்கள். "அவள் வரட்டும், அவளுக்குக் கை இல்லையா" என்று எழுதினீர்கள். அந்தக் கடிதங்களில் அவள் இருந்தாள். ஒவ்வொரு தடவையும் இன்னும் ஒரு கடிதம் வரட்டும், பிறகு சொல்கிறேன் என்று தள்ளிப்போட்டேன். அதற்கு என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பஞ்சவர்ணம்


கீழ்ப்பிரிவு, கரவனெல்ல
12.10.2025

தங்கச்சி பஞ்சவர்ணத்துக்கும் மச்சான் செபஸ்தியனுக்கும்,

என் நெஞ்சு இன்னும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று இனிமேல்தான் கேட்க வேண்டும்.

இரண்டு மாதம் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தபோதெல்லாம் உன் குற்றம்தான் முதலில் வந்தது. ஏழு மாதம் மறைத்தாய். செத்த பிள்ளையை வைது எழுத வைத்தாய். அதை நான் மன்னிக்கவில்லை. மன்னித்தேன் என்று பொய் எழுத மாட்டேன்.

ஆனால் நீ எழுதாத ஒன்று இருக்கிறது. அதை நான் எழுதுகிறேன். போன தீபாவளிக்கு சுஜீதா இங்கே வந்தாள். பலகாரம் தின்றுவிட்டுத் தொட்டிக்கு முன்னால் நின்று சொன்னாள்.

"மாமா, எங்க வீட்டுப் பின்னால கெணத்துல ஒரே புழு. ஒரு பத்து கப்பி குடுங்களேன்."

நான் சொன்னேன்: "உங்க அப்பாவ வந்து கேக்கச் சொல்லு."

"அவரு வரமாட்டாரு. ஒங்கள மாதிரியேதான் அவரும்."

"அப்ப கப்பியும் வராது."

அவள் அதற்கும் சிரித்தாள். "சரி, வச்சிக்கங்க, கரவனெல்ல மாமா" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனாள். அறுபது இருந்தது. பத்துக் கேட்டாள். வெறும் கையோடு அனுப்பினேன். கிணறு என்று கொப்பியில் படித்தபோதும் நான் அதைத் தாண்டிப் போய்விட்டேன். உன் கடிதம் வந்த பிறகு அந்தப் பக்கத்தைத்தான் எடுத்துப் பார்த்தேன். உனக்கு இது தெரியும். அவள் சொல்லாமல் இருந்திருக்க மாட்டாள். இத்தனை மாதக் கடிதங்களில் ஒரு வரிகூட அதைப் பற்றி நீ எழுதவில்லை. எந்தக் கொசு எந்தக் கிணற்றில் பிறந்தது என்று யாருக்கும் தெரியாது என்று வேலுசாமி சொல்கிறான். அவன் அப்படித்தான் சொல்வான். தெரியாது என்பது எனக்கு ஆறுதல் இல்லை.

சின்ன மீன் செத்ததும் என் குற்றம்தான். குச்சி எழும்பும்போதே நான் நிறுத்தியிருக்க வேண்டும். முப்பத்துநான்கு வருடம் ஒரே மாதிரி அளந்தவனுக்கு, தான் நேர்மாறாக அளக்கிறோம் என்பது தெரியவில்லை. "மெதுவா" என்று அவள் எழுதியிருந்ததை நீ சொல்லியும் நான் கேட்கவில்லை.

ஆகவே செய்ய வேண்டியதை எழுதுகிறேன். இதில் மாற்றம் இல்லை.

இந்தத் தீபாவளிக்கு என் வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டேன். நீங்களும் எதுவும் அனுப்பக் கூடாது.

நவம்பர் இரண்டாம் தேதி உங்கள் ஆட்கள் கல்லறையில் விளக்கு வைக்கும் நாள் என்று ஹிஷாம் சொன்னார். முதல் நாள் ஹிஷாமின் லொறியில் நான் வருகிறேன். டாக்டரை நான் கேட்கப் போவதில்லை. நீயும் கேட்காதே.

கோடிப் புடவையை நான் எடுத்துவிட்டேன். மாம்பழ மஞ்சள். அவளுக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது, கேட்டுத் தெரிந்துகொள்ளவும் இல்லை. கல்லறை மேல் அதை நான்தான் போட வேண்டும். பாதிரியார் ஏதும் சொன்னால் அவரிடம் பேச வேண்டியது நீ. அதற்கு முன்னால் கல்லறைக்கு சிமெந்து போட்டு மூடக் கூடாது. போட்டிருந்தால் அதன் மேலேயே போடுவேன்.

நாற்பது கப்பி கொண்டுவருகிறேன். என் தொட்டியில் இருந்தவை செத்தாலும் லயத்துத் தொட்டிகளுக்குக் கொடுத்தவை பெருகியிருக்கின்றன. வீடு வீடாகப் போய் நானே பிடித்தேன். கிணற்றில் மருந்து போட்டிருந்தால், நீ ஒரு வாரத்துக்கு முன்பே இறைத்துப் புதுத் தண்ணீர் ஊற விட வேண்டும்.

வேலுசாமி சத்தியத்தைக் காப்பாற்றியதற்காக அவனோடு நான் பேசாமல் இருந்தேன். இன்று பேசினேன். நான் இல்லாத மூன்று நாளும் பேத்தைகளுக்கு நத்தை வைப்பது அவன் வேலை. ஆளுக்கு இரண்டு. பெரியவனுக்கு வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விட வேண்டும்.

ஹிமாயாவைக் கல்லறைக்குக் கூப்பிடு. உப்புக்கு நன்றி சொல்ல வேண்டும்.

மச்சான் எதற்காகவும் என் வாசலுக்கு வர வேண்டாம். நான்தான் அவர் வாசலுக்கு வருகிறேன். நீ முந்திக்கொண்டு ஓடிவந்து "வாங்கண்ணே" என்று சொல்லக் கூடாது. அவர் கூப்பிட வேண்டும். அவர் கூப்பிடும்வரை நான் வெளியே நிற்பேன். கூப்பிடாவிட்டால் மீன் பையைப் படியில் வைத்துவிட்டுக் கல்லறைக்குப் போய்விடுவேன். அதற்காக அவரோடு நீ சண்டை போடக் கூடாது.

கொப்பியை நான் கொண்டுவர மாட்டேன். அதில் இன்னும் பக்கம் இருக்கிறது. ஜூன் மாதத்திலிருந்து தேதி போட்டு நான் எழுதி வருகிறேன்.

மீன்களைத் திருப்பிக் கேட்காதீர்கள். களப்பில் விட வேண்டும் என்றும் சொல்லாதீர்கள். அவள் என்னிடம்தான் கொடுக்கச் சொன்னாள்.

இருளப்பன்